தறி நின்றதும் மறந்த வாய்ப்பாடு

யுத்த காலத்தில் திருத்தணியில் பள்ளி மூடிக் கிடந்ததால் எங்கள் வீடுதான் மகளுக்குப் பள்ளிக்கூடம். தறி நெய்தபடியே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். நான் பெரிய மேதை என்ற நினைப்பு வேறு எனக்கு.

பள்ளி மறுபடி திறந்ததும், அவளை நேரே மூன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று பார்க்க, வாத்தியார் வீட்டுக்கே வந்து ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். மரியாதைக்காகத் தறியை நிறுத்தினேன். மகள் வாயே திறக்கவில்லை.

"இன்னாம்மா, மறந்துட்டியா?" என்றேன்.

"தறிய ஓட்டு நைனா. அப்பதான் வரும்."

"அப்போ தறியையும் இஸ்கூலுக்குத் தூக்கிகினு போங்க," என்றாள் மனைவி.

ஓட்டினேன். மகள் கடகடவென்று ஒப்பித்தாள். வாத்தியார் தலையைச் சொறிந்தார்.

"இவளுக்குத் தெரியும்னு எழுதறதா, தெரியாதுன்னு எழுதறதாங்க?"

எதற்கும் இருக்கட்டுமென்று, அவர் அவளை மூன்றாம் வகுப்பில் எழுதிக்கொண்டு தெரு திரும்பும்வரை தறியின் மிதிப்பலகையிலிருந்து காலை எடுக்கவில்லை.