தொட்டியில் போட்ட நெல்லி

வளர்ப்பு மீன் கடையில் மீனை விற்றுவிடலாம், தண்ணீரைப் பற்றிச் சொல்வதுதான் கஷ்டம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இதையும் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்தில் மொன்றியலில் அந்த வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி அம்மா சொல்லிவிட்டா, என் பேச்சைக் கேட்டு யாருடைய மீனாவது செத்தால் வேலை போய்விடும் என்று. வீட்டில் தொட்டி வைத்திருக்கும் உங்களுக்கு என் நிலைமை விளங்கும்.

மரக்கட்டை

ரொக்ஸ்பரோவிலிருந்து வந்த அண்ணை ஒருவருக்குத் தொட்டிக்குள் போட ஆற்றில் ஊறிய மரக்கட்டை கொடுத்தேன். தண்ணீரின் காரத்தன்மையை அது கொஞ்சம் குறைக்கும் என்று சொன்னேன். சாயம் இறங்கும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் தொலைபேசியில் வந்தார்.

"தங்கச்சி, தொட்டி முழுக்கப் பால் விடாத பிளேன்ரீ. சீனியும் போடவோ?"

சிப்பி

திருகோணமலைப் பெண் ஒருத்தி, கடற்கரையில் பொறுக்கிவந்த சிப்பிகளைத் தொட்டியில் அடுக்கியிருந்தாள். மீன்கள் சோர்ந்து கிடந்தன. சிப்பி மெல்லக் கரைந்து தண்ணீரில் சுண்ணாம்பைக் கூட்டும், இது மென்தண்ணீர் மீன், தாங்காது என்றேன். எடுக்க அவளுக்கு மனமே இல்லை.

"இந்தக் குளிர் எங்களுக்கே பழகிட்டுது அக்கா, அதுக்குச் சுண்ணாம்பு பழகாதோ?"

நெல்லி

கர்க்லாண்டில் இருக்கும் ராசன் என்பவர், தண்ணீரில் சுண்ணாம்பைக் குறைக்க வழி கேட்டார். ஊரில் உவர்ப்புக் குறைய கிணற்றுக்குள் நெல்லிக்கட்டை போடுவது நினைவுக்கு வந்தது. இங்கே கட்டைக்கு எங்கே போவது? "நெல்லி வற்றல் போட்டுப் பாருங்கோ" என்றது என் வாய். அவரும் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் வாங்கிப் போட்டிருக்கிறார். அது உப்பில் ஊறவைத்துக் காயப்போட்ட வற்றல். கேட்கும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

தொட்டியில் இருந்த மூன்று மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்று பதறிக்கொண்டு கூப்பிட்டார். வற்றலை எடுக்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றச் சொன்னேன். இரண்டு பிழைத்தன. ஒன்று போய்விட்டது.

அடுத்த நாள் அவர் கடைக்கு வந்தபோது முதலாளி அம்மா என் பக்கத்திலேயே நின்றா. மீனுக்கு என்ன நடந்தது என்று பிரெஞ்சில் கேட்டா. வயசான மீன் என்று அவவுக்குச் சொல்லிவிட்டு, ராசன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"நல்லதுக்குச் சொன்ன ஆளை எப்பிடிக் காட்டிக் குடுக்கிறது? ஆனா அக்கா, இனி எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ."

அன்றே ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி மேசைக்குக் கீழே வைத்தேன். இலையோ கட்டையோ கல்லோ, எதுவானாலும் ஒரு கிழமை அதில் கிடந்து, தண்ணீரின் சுண்ணாம்பையும் உப்பையும் நான் அளந்து பார்த்த பிறகுதான் வாய் திறப்பேன். வாளிக்குள் சாவதற்கு மீன் இல்லாதபடியால் இன்னும் வேலையில் இருக்கிறேன்.