ஒரு டிவிடிக்குள் நான்கு மணித்தியாலம்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், அதுவும் கணினியில். பட்டமளிப்பு விழாவன்று அப்பா ஆழ்கடலுக்குப் போயிருந்தார். அவர் பார்ப்பதற்காகத் தோழி ஒருத்தி என் கமராவில் விழாவையும் வீட்டு விருந்தையும் எடுத்தாள். வாழ்த்திய உறவினர் ஒருவரையும் வெட்டக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

டிவிடியில் பதியப் படித்தவளுக்குக் கடை எதற்கு? நான்கு மணித்தியாலத்தையும் நானே ஒரு டிவிடிக்குள் அடைத்தேன். அப்பா கரைக்கு வந்ததும் தொலைக்காட்சியில் போட்டபோது முகங்கள் சதுரம் சதுரமாகச் சிதறின.

அப்பா கண்ணைச் சுருக்கினார். “உதிலை நீ எது, பிள்ளை?”

“கம்பியூட்டர் படிச்சவளின்ரை வேலை!” என்று அம்மா சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் வெட்கத்தை விட்டு, பருத்தித்துறையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், அம்மாவின் கட்டளை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

“கமராவிலை எடுத்தது அப்பிடியே இருக்கோ?” என்று அங்கிருந்த அக்கா கேட்டார்.

“ஓம் அக்கா, மெமரி கார்ட்டிலை கிடக்கு.”

“பிறகென்ன? ஒண்டுக்குள்ளை நெரிச்சால் படம் சிதையும்தானே. ஆக்களை வெட்டாதேங்கோ, டிவிடியைக் கூட்டுங்கோ.”

அந்தக் கார்ட்டிலிருந்தே மூன்று டிவிடிகளில் பிரித்துப் பதிந்து தந்தார்.

அன்று மாலை, மேடையில் நான் பளிச்சென்று வந்தேன்.

“நிப்பாட்டு, நிப்பாட்டு!” அப்பா எழுந்துபோய்த் திரையைத் தொட்டார். “இது என்ரை பிள்ளை!” என்று எங்களுக்கே சொன்னார்.

கேட்கக் கூச்சப்பட்டிருந்தால் அந்தச் சொல்லை நான் இழந்திருப்பேன். முதல் டிவிடியையே திரும்பத் திரும்பப் போடுவதால், உறவினர்கள் இருக்கும் மற்ற இரண்டு டிவிடிகளையும் அப்பா இன்னும் பார்க்கவில்லை.