திரையில் இருபத்தெட்டு டிகிரி

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு நான்தான் சாஃப்ட்வேர் எழுதினேன். அதில் இரண்டு த்ரெட், அதாவது இரண்டு தனித்தனி வேலைகள், ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று ஷெட்டின் சூட்டை நெட்வொர்க்கில் கேட்டு வாங்கும். மற்றது அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் காட்டும். பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நான் எழுதவில்லை. வராமலா போகும் என்ற தெனாவெட்டு.

சித்திரை மத்தியானம் ஷெட்டில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் எடுக்கவில்லை, ஷெட்டைக் குளிர்விக்கும் ஃபேன்கள் நின்றன. இணைப்பு அறுந்தது தெரியாமல் முதல் த்ரெட் காத்தே கிடந்தது. இரண்டாவது, பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது.

நான் போனபோது செத்த கோழிகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பண்ணைக்கார அக்கா என்னைத் திட்டவில்லை.

"பாத்துட்டேதானுங்க தம்பி இருந்தேன். இருபத்தெட்டுன்னு காட்டுச்சுங்க. இப்பவும் அதேதானுங்க காட்டுது."

காத்திருப்பதற்கு ஒரு வரம்பு வைத்து, அன்றே ஒற்றை வரியில் திருத்திவிட்டேன். காலி ஷெட்டின் சூட்டை இப்போது அது சரியாகக் காட்டுகிறது.