படலையடியில் நாலு கேள்வி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி, செய்வினை இதொன்றையும் நம்புகிற ஆள் நான் இல்லை. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வேக ஓட்டம் பழக நான் போகிற இடமே சுடலை றோட்டுத்தான், ஏனென்றால் அங்கே நாயும் இல்லை, ஓட்டோவும் இல்லை, "மாஸ்ரர், ஆர் கலைக்கினம்?" என்று, யாரோ என்னைத் துரத்துகிற மாதிரிக் கேட்டுச் சிரிக்கிற சனமும் இல்லை. பிணம் எரித்த அடுத்த நாளே அந்த வழியால் ஓடியிருக்கிறேன், சாம்பல் மணம் கொஞ்சம் மூக்கில் ஏறும், அவ்வளவுதான். ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நாலு மாதத்துக்கு முதல் என்றால் நானே சிரித்திருப்பேன்.

குகனைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. வயறிங் வேலை செய்கிறவன், முப்பத்தொரு வயது, பருத்தித்துறையில் தபால் கந்தோருக்குப் பின்னால் தாயோடு இருந்தான், தமக்கை கனடாவில். அவனுக்கு ஓட்டம் பழக்கியது நான். எந்தச் சப்பாத்து வாங்குவது, எப்படி மூச்சு விடுவது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். இரண்டே வருடத்தில் அரை மரதனில் என்னை முந்திவிட்டான். முந்தினதுகூடப் பரவாயில்லை, கடைசிக் கிலோமீற்றரில் என்னைத் தாண்டும்போது முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "விடாதேங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல மனதோடுதான் சொன்னான், அது எனக்கும் தெரியும், அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. நாற்பத்துநாலு வயதில் எனக்கென்று இருந்தது அந்த ஓட்டம் ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் பதக்கத்தைத் தூக்கி மேசை லாச்சிக்குள் எறிந்துவிட்டேன்.

போட்டிக்கு அடுத்த வாரம் எங்கள் அட்டவணையில் இலகு வாரம். கடும் பயிற்சிக்குப் பிறகு உடம்பு தேறுவதற்காக ஒரு வாரம் மெல்ல மெல்ல ஓடவேண்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகம். இதயத்துடிப்பு நூற்றிமுப்பதைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கைக்கடிகாரம் கத்தும். எனக்கு அது மறியலில் அடைபட்டு இருக்கிற மாதிரி. குகனோடு ஓட மனமில்லாமல் முழங்கால் நோ என்று அவனிடம் பொய் சொல்லிவிட்டு, விடியக்காலையில் தனியாகத் தொண்டைமானாற்றுப் பக்கம் போகிற கரை றோட்டால் ஓடினேன்.

அந்த றோட்டில், வாசலில் நீலத் தகரப் படலை போட்ட ஒரு வீடு இருக்கிறது. அறுபது வயதிருக்கும் ஒரு மனிசி முற்றம் கூட்டிவிட்டு விளக்குமாறும் கையுமாகப் படலையடியில் நிற்பா. எந்தச் செத்தவீடு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவ என்று ஊரில் பெயர். நான் கடக்கும்போதெல்லாம் ஏதோ கேட்பா, ஆனால் நான் போகிற வேகத்தில் "ஆர்..." என்ற மட்டில்தான் காதில் விழும். எட்டு மாதமாக அப்படித்தான். திங்கட்கிழமை மெல்ல ஓடினபடியால் முழுக் கேள்வியும் கேட்டது.

"ஆர் தம்பி மோசம் போனது?"

எங்கள் பக்கத்தில் வளர்ந்த மனிசன் ஒருவன் விடியக்காலையில் ஓடினால் பழைய ஆட்கள் நினைப்பது அதைத்தான். எங்கோ சாவு, சொந்தக்காரருக்குச் சொல்லப் போகிறான். ஃபோன் வந்து இவ்வளவு காலமாகியும் அந்த நினைப்புப் போகவில்லை.

"ஒருத்தருமில்லை அக்கா, நான் சும்மா ஓடுறன்," என்றேன்.

"சும்மா ஆரும் ஓடுவினமோ?" என்று கேட்டுவிட்டு அவ திரும்பவும் கூட்டத் தொடங்கினா.

செவ்வாய்க்கிழமை எழும்பி ஃபோனைத் திறந்தால், குகன் தன் பதக்கத்தோடு நிற்கிற படத்தைப் போட்டு, எல்லாப் புகழும் என் அண்ணைக்கே என்று எழுதி என் பெயரையும் இழுத்துவிட்டிருக்கிறான். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கீழே வரிசையாகச் சிரித்து வைத்திருந்தார்கள், ஒன்று 'சேர் எத்தினையாவது?' என்றும் கேட்டிருந்தது. அந்தக் கொதியோடு ஓடினேன். நீலப் படலை வந்தது.

"ஆர் தம்பி மோசம் போனது?"

"குகன்," என்றேன்.

வாய் தவறி வந்தது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். சொல்ல இனித்தது.

அவ விளக்குமாற்றைப் படலையில் சாத்தினா. "எந்தக் குகன்? தபால் கந்தோருக்குப் பின்னாலை, வயறிங் வேலை செய்யிற பிள்ளையோ?"

"ஓம்."

"ஐயோ! என்னவாம்?"

"காய்ச்சல்."

"எத்தினை மணிக்கு?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "விடியக்காலமை, அஞ்சு ஐம்பதுக்கு."

"எப்ப எடுக்கினம்?"

"சனிக்கிழமை. தமக்கை கனடாவிலை இருந்து வரவேணும்."

தமக்கையைப் பற்றி அவ கேட்கவேயில்லை, நானாகச் சேர்த்தேன், செத்தவீடு என்றால் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வரவேண்டுமே. இவ்வளவும் கதைக்கும்போது நான் நிற்கவுமில்லை, நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தேன், பயிற்சி குழம்பக்கூடாது என்று. கடிகாரம் ஒரு தரமும் கத்தவில்லை. நல்ல பகிடி என்று நினைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனேன்.

பின்னேரம் குகனே ஃபோன் எடுத்தான், சிரித்துச் சிரித்து அவனுக்குப் பேச்சு வரவில்லை.

"அண்ணை, நான் செத்துப்போனனாம்! காலமை ஏழு மணிக்கு ஒரு மனிசி வெள்ளைச் சீலையோடை அழுதுகொண்டு வந்தவ. நான்தான் படலையைத் திறந்துவிட்டனான். என்ரை முகத்தைப் பாக்கவேயில்லை. என்னைத் தாண்டிப் போய் அம்மாவைக் கட்டிப்பிடிச்சு, ஐயோ உன்ரை பிள்ளையைக் குடுத்திட்டியே எண்டு ஒரே குளறல். நான் பக்கத்திலை நிண்டு, நான்தான் குகன், நான்தான் குகன் எண்டு கத்துறன், அவவுக்குக் கேக்கேல்லை அண்ணை."

"பிறகு?"

"அழுது முடிச்சு, மூக்கைத் துடைச்சுக்கொண்டு போட்டா. அம்மாதான் மயங்கி விழுந்திட்டா. பொய்ச் செத்தவீடு சொன்னால் ஆயுசு கெட்டியெண்டு அயலட்டைச் சனம் சொல்லுது. எனக்கெண்டால் இப்ப லேசா உடம்பு காயுது."

தாய் ஃபோனை வாங்கினா. "மாஸ்ரர், இந்தக் கதையைக் கட்டினது ஆரெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ. அவன் நல்லா இருக்கமாட்டான்."

"விசாரிக்கிறன் அம்மா," என்றேன். காய்ச்சல் என்ற சொல் மட்டும் காதுக்குள்ளேயே நின்றது.

புதன்கிழமை அவனை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், டெங்கு. வியாழன் இரத்தம் சோதித்தபோது கணக்கெல்லாம் மளமளவென்று இறங்குகிறது, தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். டெங்குக் காலம்தானே, எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேருக்கு, தற்செயல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன் நான், எனக்கு நானே கரும்பலகையில் எழுதுகிற மாதிரி விளங்கப்படுத்திக்கொண்டேன். அப்போது தாய் ஃபோனில் சொன்னா: "மூத்தவள் ரிக்கற் போட்டிட்டாள் மாஸ்ரர். சனிக்கிழமை காலமை வந்திடுவாள்." தமக்கையும் சனிக்கிழமையும் நான் படலையடியில் சொன்னவை. சனிக்கிழமை எடுக்கவேண்டுமென்றால் அவன் சாகவேண்டியது வெள்ளி விடிய, அஞ்சு ஐம்பதுக்கு.

வெள்ளிக்கிழமை இலகு வாரமாவது மண்ணாங்கட்டியாவது, இருந்த பலமெல்லாம் போட்டு ஓடினேன். கடிகாரம் வழி முழுக்கக் கத்திக்கொண்டு வந்தது. படலையடிக்குப் போகும்போது அஞ்சு நாற்பது. அவ வெள்ளைச் சீலை உடுத்து, கையில் குடையோடு, வெளிக்கிட்டு நிற்கிறா.

"அக்கா, நான் சொன்னது பொய். குகன் சாகேல்லை. பகிடிக்குச் சொன்னனான்."

அவ கோபிக்கவில்லை. ஆச்சரியப்படவுமில்லை. "செத்தவீட்டுக்கெண்டு வெளிக்கிட்டிட்டன் தம்பி. வெளிக்கிட்டால் திரும்பிப் போய் இருக்கேலாது. அப்ப ஆர்?"

நம்பினால் நம்புங்கள், நான் அங்கே நின்று மனதுக்குள் ஆட்களைத் தேடினேன். என் மனிசி வந்தா, என் இரண்டு பெட்டைப் பிள்ளைகளும் வந்தார்கள், அவர்களை உடனே தள்ளிவிட்டேன். என் பெயரும் வந்தது. தொண்டைவரை வந்தது. நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் சொல்லியிருக்கவேண்டும். அதை விழுங்கினேன்.

"அவன்ரை தாய்," என்றேன்.

"என்னவாம்?"

"பிறஷர்."

"எத்தினை மணிக்கு?"

"பின்னேரம் நாலரை."

"எப்ப எடுக்கினம்?"

"சனிக்கிழமைதான்."

வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை மாதிரி ஒன்றும் தடக்காமல் சொன்னேன். குகனின் தாய், ஞாயிறு ஓட்டம் முடித்து நாங்கள் போனால் எனக்கு இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தருகிறவ, தன் மகனுக்கு ஊற்ற முதல் எனக்கு ஊற்றுகிறவ. இருதய வருத்தக்காரி, எப்படியும் கனகாலம் இருக்கமாட்டா என்று திரும்பி வருகிற வழியெல்லாம் கணக்குப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது.

மத்தியானம் குகனின் இரத்தக் கணக்கு ஏறத் தொடங்கியது. பின்னேரம் டொக்டர் வெளியே வந்து, இனிப் பயமில்லை என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். அவ "அப்பாடா, முருகா" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரி வாங்கில் குந்தி, சுவரில் சாய்ந்திருக்கிறா. பக்கத்தில் இருந்தவர்கள் நித்திரை என்று நினைத்தார்களாம். மணி நாலரை.

சனிக்கிழமை தம்பியைப் பார்க்க வந்த தமக்கை தாயின் செத்தவீட்டில் பயணப் பெட்டியோடு வந்து இறங்கினாள். டொக்டர் விடமாட்டேன் என்று சொல்லியும் குகன் கையெழுத்து வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு வந்தான், சேலைன் ஏற்றுகிற ஊசி கையில் ஒட்டினபடி இருக்க, அந்தக் கையாலேயே கொள்ளி வைத்தான். நீலப் படலை மனிசி பெண்களோடு இருந்து அழுதா. எழும்பிப் போகும்போது என் பக்கத்தில் நின்று, "இந்தமுறை சரியாச் சொன்னீங்கள் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனா.

செவ்வாய்க்கிழமை வந்த பொய்ச் செய்தியின் அதிர்ச்சிதான் தாயைக் கொண்டுபோனது என்று ஊர் முழுக்கக் கதை. குகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அந்தப் பொய்யைச் சொன்னவன்தான் அம்மாவைச் சாகடிச்சவன். அந்த மனிசியைக் கேட்டால், றோட்டாலை போன ஆரோ எண்டு மட்டும் சொல்லுறா. ஆளை மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ அண்ணை."

"கண்டுபிடிப்பம்," என்றேன்.

நாலு மாதம் அந்த றோட்டுப் பக்கம் நான் போகவில்லை. குகன் உடம்பு தேறி, போன மாதம்தான் மெல்ல ஓடத் தொடங்கினான், என்னோடுதான். தாய் போன பிறகு அவனுக்கு இங்கே வேறு ஆள் இல்லை, எல்லாவற்றுக்கும் அண்ணை அண்ணை என்று வருகிறான். நேற்றுக் காலை, "கரை றோட்டாலை போவம் அண்ணை" என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கொரு காரணம் கிடைக்கவில்லை.

நீலப் படலை தெரிந்ததும் சப்பாத்து நூல் கட்டுகிற சாட்டில் குனிந்து பின்னால் நின்றுவிட்டேன், அவன் முன்னே போகட்டும், அவ என்னைக் காணக்கூடாது என்று. நிமிர்ந்து பார்த்தால் அவன் படலையடியில் நிற்கிறான். அவ ஏதோ கேட்டா, அவன் சொன்னான். பிறகும் கேட்டா, சொன்னான். மூன்றாம் தரம் கேட்க அவன் கையைத் திருப்பி மணி பார்த்தான். நாலாவதுக்கு என் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னான். நான் கிட்டப் போவதற்குள் அவ உள்ளே போய்விட்டா.

"என்ன கேட்டவ?" என்றேன்.

"சும்மா, எங்கை ஓடுறியள் எண்டு கேட்டவ அண்ணை."

கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம்தான், ஆனால் வீடு வரைக்கும் என் கடிகாரம் கத்தினது.

நேற்றுப் பின்னேரம் தொடக்கம் என் சின்னவளுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று டொக்டர் சொல்லிவிட்டார், அவளின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிறதாம். இன்று காலை நீலப் படலைக்குப் போனேன். சங்கிலி போட்டிருந்தது. செத்தவீட்டுக்குப் போயிருப்பா என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், எந்தச் செத்தவீடு என்று கேட்டேன், அது தெரியாதாம். இனிக் குகனிடம் கேட்கிறதுதான் வழி. அவன் நம்பரை மூன்று தரம் எடுத்து, மணி அடிக்க முதல் வெட்டிவிட்டேன். ஆரைச் சொன்னாய் என்று நான் கேட்டால், அவ கேட்டது அதைத்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணை என்று அவன் கேட்பான்.