திரிகையின் மேல்கல்

மகனும் மருமகளும் பிரிவது என்று முடிவான பிறகு எனக்கு ஒரு கேள்விதான் மிஞ்சியது. நான் யாரோடு போவது? அதை நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் நாங்கள் இருந்த லிவர்மோர் ஊரிலேயே மகன் ஓர் அபார்ட்மெண்ட் பார்த்திருந்தான். மருமகள் தன் ஆபீசுக்குப் பக்கமாக, மலைக்கு அந்தப் புறம் ஃப்ரீமாண்டில் பார்த்திருந்தாள். பேத்தி வார நாட்களில் அம்மாவோடு, சனி ஞாயிறு அப்பாவோடு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு வீட்டில் இருந்தால் மற்ற வீடு எனக்கு வேறு தேசம்.

மனைவி போன பிறகு இங்கே வந்தவன் நான். அதற்கு முன் கும்பகோணத்தில் முப்பத்தெட்டு வருஷம் சிவில் வக்கீல். இப்போது தமிழ்ச் சங்க இதழில் மாதம் ஒரு பக்கம் வழக்கு விளக்கம் எழுதுகிறேன். படிப்பவர்கள் பதினாறு பேர் என்பது என் கணக்கு. அதில் மூன்று பேர் பிழை கண்டுபிடிக்கவே படிப்பவர்கள்.

அந்த மாதம் வேல்ஸின் பழைய சட்டத்தை எடுத்திருந்தேன். நாங்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்புகளில் 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்' என்று ஒரே மூச்சில் வரும். தொழில் பார்த்த காலமெல்லாம் அந்த இரண்டாவது பெயரை நான் நின்று பார்த்ததில்லை. ஆனால் இங்கிலாந்துக்காரன் வந்து நிறுத்தும்வரை அந்தச் சின்ன தேசத்துக்கென்று முழுசாக ஒரு சட்டம் இருந்திருக்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. கண் திறக்காத பூனைக்குட்டி ஒரு பென்னி. கண் திறந்து எலி பிடிக்கும்வரை இரண்டு. எலி பிடித்துவிட்டால் நாலு. எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தால் யாருக்கு எது என்பதும் அதில் இருக்கிறது. ஏழு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் பாதிக்குப் பாதி. கலிபோர்னியாவும் பாதி என்கிறது, சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. வேல்ஸ்காரன் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கிறான். பன்றி அவனுக்கு, செம்மறியாடு அவளுக்கு. பூனைகளில் ஒன்று அவனுக்கு, மிச்சமெல்லாம் அவளுக்கு. திரிகையில் மேல்கல் அவனுக்கு, கீழ்க்கல் அவளுக்கு. இங்கேதான் நான் நின்றுவிட்டேன். ஒற்றைக் கல்லை வைத்துக்கொண்டு யார் எதை அரைப்பது? விளக்கம் எழுத வரவில்லை. மாமனாரைப் பற்றியும் தேடினேன். நான் படித்த வரையில் ஒரு வரி இல்லை. பூனைக்கு இருந்தது.

வீடு, கார், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இரு தரப்பு வக்கீல்களும் முடித்துவிட்டார்கள். வீட்டுச் சாமானை மட்டும் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். சமையலறையில் அந்தப் பேச்சு நடந்தது.

"கிரைண்டர் எங்கம்மா வாங்கிக் குடுத்தது," என்றாள் மருமகள்.

"வாங்கிக் குடுத்தாங்க. தூக்கிட்டு வந்தது யாரு? கஸ்டம்ஸ்ல நாலு பேர் சுத்தி நின்னு, இது என்ன, வெடிக்குமான்னு கேட்டாங்க. நின்னது நான்."

"ஒரு நாள் தூக்கினதுக்கு இவ்ளோ பேச்சு! பன்னெண்டு வருஷமா அதுல நீ ஒரு நாள் மாவு அரைச்சிருக்கியா?"

"நீ அரைச்சியா? அப்பாதானே அரைக்கிறார்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குறுக்கே போயிருக்கக் கூடாது. போனேன்.

"சட்டம் பேர் சொல்லாத சாமானுக்கு ஒரு வழி இருக்குடா. அவ ரெண்டா பிரிக்கணும். நீ ஒண்ணை எடுத்துக்கணும்."

"எந்த ஊர்ச் சட்டம்ப்பா?"

"வேல்ஸ்."

"நாம இருக்கறது கலிபோர்னியா."

"கலிபோர்னியா உங்களுக்குள்ள பேசிக்கோங்கன்னுச்சு. பேசினீங்க. கேட்டேன்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் பிரிச்சா நல்லதா பாத்து இவர் எடுத்துப்பாரே, மாமா?"

"அதுக்குத்தாம்மா. எது உன் பக்கம் விழுந்தாலும் உனக்கு வருத்தமில்லாத மாதிரி பிரிப்பே."

அடுத்த சனிக்கிழமை மகன் வெளியே போயிருந்தபோது அவள் பிரித்தாள். கராஜ் நடுவில் நீல டேப் ஒட்டி, சாமான்களை இரு புறமும் கொண்டுவந்து வைத்தாள். பெரியதைத் தள்ள இரண்டு தோழிகள் வந்தார்கள். என்னால் உள்ளே உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கராஜுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எல்லோரும் சாப்பிடப் போனதும் எண்ணினேன். இடப்புறம் நாற்பத்தொன்று. வலப்புறம் இருபத்தாறு. மறுபடி எண்ணினேன்.

"தாத்தா, ஆர் யூ கவுண்டிங் அகெய்ன்?" பேத்தி கதவருகே நின்றாள்.

"சும்மா பாத்துட்டிருக்கேன்."

"யூ ஆர் பாயிண்டிங் வித் யுவர் ஃபிங்கர்."

வலப்புறத்தில்தான் என் சாய்வு நாற்காலி இருந்தது. அதன்மேல் என் பித்தளை ஃபில்டர். பக்கத்தில் கிரைண்டர். டிவி, சோபா, டிரெட்மில், சாப்பாட்டு மேஜை எல்லாம் இடப்புறம்.

கேட்காத கேள்விக்கு இது ஒரு பதில் என்று புரிந்தது. என்ன பதில் என்றுதான் தெரியவில்லை. பழைய சாமானோடு என்னையும் ஒதுக்கிவிட்டாளோ என்று முதலில் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். பிரிப்பவள் தன் மனசுக்கு இரண்டையும் சமமாக்கியே ஆகவேண்டும். என்னைப் பாரம் என்று நினைத்திருந்தால் என் பக்கம் சாமானைக் கூட்டியிருப்பாள். குறைத்திருந்தாள். பதினைந்து சாமான் குறைத்திருந்தாள், அதில் டிவியும் ஒன்று.

மனசு அதோடு நிற்கவில்லை. மகன் வருவான், டிவி பக்கம் போவான். நான் மருமகளோடு, பேத்தியோடு இருப்பேன். நல்லதுதானே? ஆனால் பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு டிவியை எடுத்தான் என்றும் அதற்கு அர்த்தம். இல்லை, இந்தப் பக்கம் வந்தான் என்றால், பேத்தி மலைக்கு அந்தப் புறம். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு கை குறைந்தது.

மகன் வந்தான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்தான். என் நாற்காலியருகே நின்றான். ஃபில்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இந்தப் பக்கம்."

"டிவி அங்க இருக்கு. பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"சோபா?"

"பாத்தேன்."

அவள் குனிந்து டேப்பை உரித்தாள். உரித்து உருட்டி உருட்டிக் கோலிகுண்டு அளவுக்குக் கொண்டுவந்தாள். "நீ டிவிதான் எடுப்பேன்னு நெனச்சேன்."

"தெரியும்," என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கிரைண்டரும் அங்க போயிடுச்சே, மாமா."

"அரைக்கறது நான்தானேம்மா. சனிக்கிழமை குழந்தையை விட வரப்போ வந்து வாங்கிக்கோ."

அவள் டேப் உருண்டையைக் குப்பைக் கூடையில் போட்டாள். குழந்தையை வாசலில் இறக்கிவிட்டால் போதும், உள்ளே வரவேண்டியதில்லை என்று வக்கீல்கள் எழுதி வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும்.

அபார்ட்மெண்டில் முதல் சனிக்கிழமை. முந்தின நாளே அரைத்து, இரண்டு டப்பாவில் எடுத்து வைத்துவிட்டேன். ஜன்னலில் நின்றேன். பதினோரு கார் போயிற்று. பன்னிரண்டாவது உள்ளே திரும்பியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அணைந்தது. ஒரு கதவு திறந்து மூடும் சத்தம். அது பேத்தி. நான் இரண்டாவது கதவுக்காக நின்றேன். நேரமாயிற்று. மருமகள் ஃபோன் பார்க்கிறாளோ, கண்ணாடி பார்க்கிறாளோ, திரும்பிப் போக யோசிக்கிறாளோ.

இரண்டாவது கதவும் மூடியது.

மாவு அதிகம் புளித்திருக்குமோ என்று டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன்.