நீக்கியதற்கான காரணம்

நாங்கள் ஆரம்பித்த சுற்றுச்சூழல் அறிவியல் இதழுக்கு அச்சும் கிடையாது, சந்தாவும் கிடையாது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். நானும், என்னோடு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் நண்பனும் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் அதைத் தொடங்கினோம். "எவம்லே இதைப் படிக்கப் போறான்?" என்று அவனைச் சீண்டிக்கொண்டே இருப்பேன்.

முதல் இதழையே படித்துவிட்டார்கள். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றில் மணல் அள்ளிய இடங்களில் மீன் குஞ்சே இல்லாமல் போனதைப் பற்றி நண்பன் எழுதியிருந்தான். நான்கு பேர் மாடியேறி வந்தார்கள். முன்னால் வந்தவனின் செல்போனில் அந்தக் கட்டுரைதான் திறந்திருந்தது.

"இதை எழுதுனது யாரு வே?"

நண்பன், வகுப்பில் மாணவன் தூக்குவதுபோல், கையைத் தூக்கினான். அந்தக் கையைத்தான் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் கழுத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தவன் மறுகையால் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு இது அங்கன இருக்கக் கூடாது."

ஆஸ்பத்திரியில், "எடுத்துருவோம்டே" என்று நான்தான் சொன்னேன். எனக்கு அப்படியொரு பயம்.

"எடு. ஆனா நம்ம விதி என்ன?"

வெளியான கட்டுரையை நீக்கினால் அதே பக்கத்தில் காரணம் போட வேண்டும். எல்லா ஆய்விதழ்களிலும் உள்ள வழக்கம்தான். பெரும்பாலும் கணக்கில் பிழை என்றோ, அடுத்தவன் எழுத்தைத் திருடியது என்றோ போடுவார்கள்.

"நடந்ததைப் போடு" என்றான்.

போட்டேன். 'இக்கட்டுரையில் பிழை ஏதும் இல்லை. கட்டுரையாளரின் வலது கை இரும்புக் கம்பியால் அடித்து முறிக்கப்பட்டதால் நீக்கப்படுகிறது.'

கட்டுரையைச் சீந்தாத ஊர், அந்த இரண்டு வரியைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்பியது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆட்கள் கட்டுரையைக் கேட்டு எழுதினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

மறுபடி வந்தார்கள். கணினித் திரை நொறுங்கியது. நாற்காலி என் முதுகில் உடைந்தது.

"அந்த ரெண்டு வரியையும் எடுலே!"

வாயெல்லாம் ரத்தம். இத்தனை நாள் இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, வெறிதான் மிச்சம் இருந்தது.

"எடுக்கேன் அண்ணாச்சி. ஆனா அதுக்கும் காரணம் போடணும். ஒங்க பேரைச் சொல்லுங்க, சரியா எழுதணும்லா."

அவன் கம்பியை ஓங்கினான். மூலையில், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நண்பன் இடது கட்டைவிரலால் செல்போனில் தட்டிக்கொண்டிருந்தான். 'இரண்டாவது நீக்கம். காரணம்' என்பதுவரை அடித்துவிட்டு, மேற்கொண்டு என்ன எழுதுவது என்று கம்பியை ஓங்கியவனின் முகத்தைப் பார்த்தான்.