நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பச்சை

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த மின்னஞ்சல் வந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்க்கும் சிறிய பட்டறையின் அலுவலகத்தில், ஒரு பம்பு மூடியின் வரைபடத்தைக் கணினியில் திருத்திக்கொண்டிருந்தேன். உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டேன், சில விஷயங்களை எழுதுவதைவிடப் பேசுவது நல்லது, சனிக்கிழமை முடியுமா என்று மூன்றே வரி. அன்று செவ்வாய்க்கிழமை.

எழுதியவர் நியூசிலாந்தில் வாழும் ஒரு சமோவாக் குடும்பத்துப் பெண். அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் படித்தது நான் எழுதிய விளையாட்டுக் கையேட்டை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, சிக்கலான இடம் வந்தால் பகடை உருட்டிக் கதையை வளர்த்துப் போகிற விளையாட்டு அது. பொதுவாக அந்த விளையாட்டுகளில் கோட்டையும் பனிமலையும் டிராகனும்தான் இருக்கும். எனக்கு அவை சலித்துவிட்டன. கடல் வேண்டும் என்று தோன்றியது. சமோவா போன்ற பசிபிக்கின் பாலினீசியத் தீவுகளைப் பற்றி மூன்று வருடம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நட்சத்திரத்தையும் அலை வரும் திசையையும் வைத்தே வாரக்கணக்கில் கடல் கடந்தவர்கள் அவர்கள். அவர்களைப் போன்ற மனிதர்கள் வாழும் முப்பது தீவுகளைக் கற்பனையில் உண்டாக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறில் ஒரு நண்பர் வீட்டில் கூடி அதை விளையாடிப் பார்த்தோம். வெளிநாட்டில் ஒரு சிறு பதிப்பகம் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டது. அச்சுக்குப் போவதற்கு முன், அந்தப் பண்பாட்டிலிருந்து ஒருவர் படித்தாக வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

செவ்வாயிலிருந்து சனிவரை நான் இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. வேளச்சேரியில் வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் கையேட்டைத் திறந்துகொண்டு உட்காருவேன். ஒரு ராஜாவை அவ்வளவு மூர்க்கனாகக் காட்டியிருக்க வேண்டாமோ? இந்தப் பூசாரியின் பெயர் அங்கே யாருடைய பெயராவது இருந்தால்? படகைப் பற்றி எழுதியதில் பாதி தப்பாக இருக்குமோ? மூன்று வருடமாக நான் ஆசையாகப் பார்த்த பக்கங்கள் ஒவ்வொன்றும் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றன. என் கணவர் ஒருமுறை தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறியே, என்ன கேக்கப் போறாங்கன்னு உனக்கே தெரியலையா?" என்றார்.

தெரியும். எல்லாப் பக்கத்தையும் புரட்டிய நான் நாற்பத்தொன்றாம் பக்கம் வந்தால் மட்டும் இரண்டு பக்கமாகச் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் முழுக்கச் செத்துப்போய்த் திரும்பி வந்த போர்வீரர்களின் படம் இருந்தது. விளையாட்டில் வரும் கொடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் முகம் முழுக்கப் பச்சை குத்தியிருக்கும். வைர வடிவங்களும் மெல்லிய கோடுகளுமாக இருந்த அந்தக் கோலத்தை நான் இணையத்தில் ஏதோ ஒரு புகைப்படத்திலிருந்து எடுத்து என் தோழிக்கு அனுப்பினேன். படங்கள் எல்லாம் அவள் வரைந்தவை. தி.நகரில் அவள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. அவள் அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். கடைக்காகச் சேலை பார்டர் வரைவது அவள் வேலை. ஒரு தடவை அவள் வரைந்த பார்டர் ஒன்று அடுத்த தெருக் கடையில் அப்படியே தொங்கியதைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவள். அதனால்தான் அந்தக் கோலத்தை அனுப்பியபோது கேட்டாள்: "இது யாரோடது? விசாரிச்சியா?"

"விசாரிச்சிட்டேன். பொதுவான டிசைன்தான்" என்றேன்.

விசாரிக்கவில்லை. படங்களை அந்த வாரம் அனுப்ப வேண்டியிருந்தது. நான் தயங்கினால் அவள் வரைய மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு. அங்கே பிற்பகல். நரைத்த முடியை உச்சியில் முடிந்திருந்த அந்த அம்மாள் முதலில் நட்சத்திர வழிகாட்டிகளைப் பற்றி எழுதியது நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. பிறகு அவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திரையில் காட்டினார்.

இது எங்கள் பெண்கள் தொடையில் குத்திக்கொள்வது, என்றார். முகத்தில் இல்லை. ஆண்களுக்கு இல்லை. செத்தவர்களுக்கு நிச்சயமாக இல்லை. குடும்பத்துக்கும் ஊருக்கும் தொண்டு செய்வேன் என்று ஏற்றுக்கொள்கிறவள்தான் அதைக் குத்திக்கொள்வாள். என் அக்கா குத்திக்கொண்ட அன்று நான்தான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அழக்கூடாது என்பதற்காக நான் பாடிக்கொண்டே இருந்தேன், என்றார் அந்த அம்மாள்.

குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார். பிறகு இன்னொன்று கேட்டார்: உங்கள் விளையாட்டில் காசாக வைத்திருக்கும் சிப்பிகளைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பச்சை குத்திக்கொண்டு பலத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறதே, ஏன் அப்படி?

எல்லா விளையாட்டிலும் பலத்தை வாங்குவது அப்படித்தான், அதனால் நானும் அப்படி வைத்தேன். அதையே சொன்னேன்.

அழைப்பு முடிந்ததும் பதிப்பகத்துக்கு எழுதினேன், அச்சை நிறுத்துங்கள் என்று. அது சுலபமாக இருந்தது. அந்தப் பக்கம் மட்டுமல்ல, பதினாலு படங்களில் ஆறில் அந்தக் கோலம் இருக்கிறது; ஆறையும் மறுபடி வரைய வேண்டும். அதைத் தோழியிடம் சொல்வதுதான் சுலபமாக இல்லை. போனில் சொல்லிவிடலாமா என்று மூன்று முறை கைபேசியை எடுத்தேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன்.

திங்கள்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து, கிண்டியில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினேன். தீபாவளிக் கூட்டம். நடக்க வேண்டியதில்லை, நின்றால் போதும், தெருவே தள்ளிக்கொண்டு போய்விடும். கடை வாசலில் பலூன் விற்றுக்கொண்டிருந்தவர், "இன்னாமா, உள்ள போறியா, இல்ல இங்கயே நின்னுக்கினு இருப்பியா? வியாபாரத்த மறைச்சிக்கினு கீறியே" என்றபோதுதான் நான் நகராமல் நிற்பது எனக்கே தெரிந்தது.

அவள் இரண்டாம் மாடியில் பட்டுச் சேலைப் பிரிவில் இருந்தாள். ஒரு கல்யாணக் குடும்பம் முன்னால் உட்கார்ந்திருந்தது. முக்கால் மணி நேரம் ஒரு ஓரத்தில் நின்றேன். அவள் ஒவ்வொரு சேலையாக விரித்துக் காட்டுவதும், நடுவில் என்னைப் பார்த்துச் சிரிப்பதுமாக இருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க நான் மனப்பாடம் செய்து வந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் படிக்கட்டு ஓரமாக வந்து, "என்னடி, தீபாவளிக்குச் சேலையா? சொல்லிருந்தா எடுத்து வச்சிருப்பேன்ல" என்றாள்.

"அந்தப் பச்சை டிசைன நான் விசாரிக்கல. விசாரிச்சேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். முன்னுரை எதுவும் வரவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தால் மெட்ராஸ் பேச்சு போய் வீட்டுப் பேச்சு வந்துவிடும். "ஏட்டி, நான் அன்னைக்கே கேட்டேம்லா?"

"கேட்டே."

"அது யாரோடதாம்?"

சொன்னேன். அக்கா, தங்கை, பாட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கைப்பிடியில் சாய்ந்துகொண்டாள். "நாங் கையால வரைஞ்சிருக்கேன்" என்றாள். "பொணத்து மூஞ்சில நான்லா வரைஞ்சேன். உனக்கென்ன, நீ லிங்க்கு அனுப்பினவ."

கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

தீபாவளி வந்து போனது. நான் அனுப்பிய எந்தச் செய்திக்கும் பதில் இல்லை. பதிப்பகம் மட்டும் பதில் எழுதியது: இந்த வருடம் அச்சில்லை, அடுத்த வருடம் இடம் இருந்தால் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நான் போகவில்லை. அந்த நாட்களில் விதிகளைத் திருத்தி எழுதினேன். சிப்பி விதியை எடுத்துவிட்டேன். பச்சை குத்திக்கொள்ளும் பாத்திரம் யாருக்கு என்ன செய்வேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அதைச் செய்யாவிட்டால் அதன் பலம் போய்விடும் என்று மாற்றினேன். கொடியவர்கள் உடம்பில் எந்தக் கோலமும் வேண்டாம் என்று எழுதினேன். எழுதும்போதே, இதுவும் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று பயம். முன்பெல்லாம் எழுதும்போது அந்தப் பயம் இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு நாள் மத்தியானம், தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தெருவில் கணுக்கால்வரை தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். பிளாஸ்டிக் பைக்குள் பையாகச் சுற்றி ஒரு நோட்டு கொண்டுவந்திருந்தாள். அதில் புதிய கோலங்கள். மீன் செதில், பனையோலைப் பின்னல், நண்டு மணலில் விட்டுப்போகும் தடம்.

"இது எதையும் நான் எங்கேருந்தும் எடுக்கல. பெசன்ட் நகர் பீச்சுல நாலு நாள் உக்காந்து வரைஞ்சேன். இருந்தாலும் அந்தம்மாகிட்ட காட்டு. அவங்க சரின்னு சொன்னாத்தான் மேல வரைவேன்" என்றாள். பிறகு, "உம்மேல கோவம் போகல. அதையும் தெரிஞ்சுக்கோ."

தெரிந்துகொண்டேன். துண்டை எடுத்துக் கொடுத்தேன், காலைத் துடைத்துக்கொண்டாள்.

திருத்திய விதிகளையும் அந்தக் கோலங்களையும் அன்றே அனுப்பினோம். பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. வந்தபோது நான் தனியாகத் திறக்கவில்லை. தி.நகர் போய், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், மடித்து அடுக்கிய சேலைகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்து திறந்தோம். கோலங்களைப் பற்றி ஒரு வரி: இவை உங்களுடையவை, போடுங்கள், ஆனால் சென்னையில் இரண்டு பெண்கள் கற்பனை செய்த தீவுகள் இவை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே இருபத்து மூன்று குறிப்புகள். தோழி முதல் குறிப்பைச் சத்தமாகப் படித்தாள்: எண்பது பக்கமும் படித்தேன், உங்கள் முப்பது தீவுகளில் ஒருவர்கூட ஒரு வேளை சாப்பிடவே இல்லையே, ஏன்?

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். உண்மைதான். படகு ஓட்டினார்கள், சண்டை போட்டார்கள், செத்துத் திரும்பி வந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

"அவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்றாள் தோழி.

ஈரப்பலா, சேப்பங்கிழங்கு, மீன் என்று ஆரம்பித்தேன். நடுவிலேயே நிறுத்தி, "இரு, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.